நிரூபன் நேரம்

எட்டுக்கு அடுத்த இரண்டு புள்ளிகளும் எட்டின் தோளிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, பார்க்கச் சகிக்கவில்லை, ஒரு நூல் வலப்பக்கம் தள்ளினால் எட்டு சரியாகிவிடுகிறது, ஆனால் நிமிடம் மாறி ஒன்று வந்ததும் அந்த இடத்தில் பள்ளம் விழுகிறது, இந்த எழுத்தில் ஒன்று மட்டும் ஒட்டடைக்குச்சி, மற்றதெல்லாம் சாப்பாட்டு ராமன்கள், சரி, எழுத்தையே மாற்று, மாற்றியாயிற்று, இப்போது நான்கு கோணுகிறது. இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்றால் நான் கவனிப்பேன், அது போதும். பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் உட்கார்ந்து, காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள் என்று ஊரார் முகூர்த்தத்தையெல்லாம் வரி பிடித்து நிறுத்துகிறவளுக்கு ஒரு கடிகாரம் கோணலாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா. இது கல்யாணக் கடிகாரம் இல்லை, விளையாட்டுக் கடிகாரம். கம்ப்யூட்டரில் நாங்கள் கூட்டமாகச் சேர்ந்து ஆடுகிற ஆட்டம், கத்தியும் கேடயமும் மந்திரமும், தினம் ஒரு மிருகம். ஆட்டத்தோடு வருகிற கடிகாரம் திரையின் மூலையில் கடுகளவுக்கு இருக்கும், அது போதாது என்கிறவர்களுக்காக யாரோ ஒரு புண்ணியவான் ஒரு ஆட்-ஆன் எழுதி வைத்திருக்கிறான், அதைப் போட்டுக்கொண்டால் திரையில் எதை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், பெரிதாக்கலாம், நிறம் மாற்றலாம், ஒரு கடிகாரத்துக்குப் பத்துக் கடிகாரம் தொங்கவிடலாம். எங்கள் கூட்டத்துக்குத் தலைவி வஹீதாக்கா, ஈப்போவில் பேக்கரி வைத்திருக்கிறாள், அவள் ஞாயிறு ஆறு மணிக்கு வாங்க என்றால் திருநெல்வேலிக்காரி திருநெல்வேலி ஆறு மணிக்கு வருவாள், துபாய்க்காரன் துபாய் ஆறு மணிக்கு வருவான், அன்றைய மிருகமான கல்முதலை எங்களை வரிசையாகத் தின்றுவிட்டு ஏப்பம் விடும். அதனால்தான் போன வாரம் அவள் ஆணையிட்டாள், எல்லார் திரையிலும் ஒரே கடிகாரம், ஆட்டத்தின் சர்வர் நேரம், பெரிதாக, கண் தெரியாதவனுக்கும் தெரிகிற மாதிரி, அதை வடிவு செய்து தரட்டும். வடிவு நான்தான். எனக்கு வேலை ஏவினால் கோபம் வரும், ஆனால் எழுத்து சம்பந்தப்பட்ட வேலை என்றால் கோபத்துக்கு முன்னால் கை போய்விடுகிறது.

அம்மா அடுப்படியில் உளுந்தவடைக்கு ஆட்டிக்கொண்டிருக்கிறாள், கிரைண்டர் சத்தத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெதுவாகச் சுற்றுகிறது. பெரிய கடிகாரம் சரியாக வந்துவிட்டது, வெள்ளை எழுத்து, பின்னால் மெல்லிய கறுப்பு, போர் ஆரம்பிக்க அரை மணி இருக்கும்போது சிவக்கும், வஹீதாக்காவுக்குச் சிவப்பு பிடிக்கும். இப்போது அதற்குக் கீழே இருக்கிறதே ஒன்று, சின்னது, அதைப் பார்க்காமல் பார்க்கிறேன். அது யாருக்கும் இல்லை, என் திரைக்கு மட்டும். அது பெர்கன் நேரம் காட்டுகிறது. பெர்கன் என்றால் நார்வே, நார்வே என்றால் மழை, மழை என்றால் நிரூபன். பருத்தித்துறையில் பிறந்து அங்கே போய்ச் சேர்ந்தவன், படகுகளுக்கு எஞ்சின் பார்க்கிறவன், எங்கள் கூட்டத்தில் முன்னால் நின்று அடி வாங்குகிறவன். நான் பின்னால் நின்று அவனுக்கு உயிர் ஏற்றுகிறவள். வெளியே அவர், மனதுக்குள் அவன், இந்த ஏற்பாடு எனக்கும் என் மனதுக்கும் இடையில் எப்போது நடந்தது என்று தெரியவில்லை. முதலில் கடிகாரத்துக்குப் பெயர் வைக்கவில்லை, வெறும் எண். பிறகு எண்ணைப் பார்த்தால் அது என்ன என்று எனக்கே சந்தேகம் வந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு நிரூபன் என்று எழுதினேன். எழுதியதும் உடம்பெல்லாம் சூடு, பக்கத்தில் யாருமில்லை, இருந்தும் ஜன்னலைச் சாத்தினேன், மனதுக்கு வெட்கம் வந்தால் ஜன்னல் என்ன செய்யும். அதோடு விட்டேனா, அங்கே இரவாகும்போது எழுத்து சாம்பல் நிறமாகும்படி செய்தேன், தூங்குகிறவனுக்குச் செய்தி அனுப்பி எழுப்பிவிடக் கூடாதே, காலை ஏழானதும் மஞ்சளாகும், நம் ஊர்ப் பத்தரை மணிக்கு, நான் கடையில் மாப்பிள்ளை பெயருக்கும் பெண் பெயருக்கும் நடுவே பூ வைத்துக்கொண்டிருக்கும்போது, இப்போது மஞ்சளாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்தால் சிரிப்பு வரும். முதலாளி ஒருநாள், என்னம்மா பத்திரிகையில் ஜோக்கா எழுதியிருக்கு என்று கேட்டார்.

வடிவு என்பது எங்கள் பக்கம் அம்மன் பெயர், நிரூபன் பக்கம் அது தெருவில் கிடக்கிற சொல், அழகுக்கும் அதுதான், நன்றாக என்பதற்கும் அதுதான். வடிவாப் பாருங்கோ, வடிவா அடியுங்கோ, இந்தக் குகை நல்ல வடிவு, ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போடும், அவனுக்குத் தெரியாது. ஆனால் என்னைக் கூப்பிடும்போது மட்டும் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு நிற்கிறது. நிற்கிறதா, நான் நிறுத்துகிறேனா. போன மாதம் எல்லாரும் போனபின் நாங்கள் இரண்டு பேரும் குகை வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தோம், ஆட்டத்தில் மழை பெய்தது, அவன் ஊரிலும் பெய்கிறது என்றான், மைக்கை ஜன்னலுக்கு நீட்டினான், நான் இங்கே வேர்க்கிற புழுக்கத்தில் காதைப் பொத்தி அந்த மழையைக் கேட்டேன், கேட்டுவிட்டு நல்ல மழை என்றேன், வேறு என்ன சொல்ல முடியும். அவன் வஹீதாவை அக்கா என்கிறான். துபாய்க்காரனின் மனைவியை அக்கா என்கிறான். என்னை இதுவரை சொல்லவில்லை, நான் அவனைவிட ஒரு வயது மூத்தவள் என்று தெரிந்தும் சொல்லவில்லை, அந்தச் சொல் எப்போது வந்து விழுமோ என்று ஒவ்வொரு ஞாயிறும் நான் பயந்துகொண்டேதான் உட்காருகிறேன். அவனே ஏதாவது சொன்னால் நான் சொல்வேன். அவன் சொல்லாமல் நான் சொல்லி, அவன் பதறி, மரியாதையாக ஒதுங்கி, வேலை அதிகம் என்று இரண்டு ஞாயிறு வராமல், மூன்றாவது ஞாயிறு அப்படியே இல்லாமல் போய்விட்டால் எனக்கு ஞாயிறே கிடையாது. முப்பத்து நான்கு வயதில் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வடையும் காப்பியும் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து நான் உட்காருகிற இடம் இது ஒன்றுதான். ஆகவே அந்தச் சின்னக் கடிகாரம் எனக்கு மட்டும்.

அதனால்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஆட்-ஆனில் ப்ரொஃபைல் என்று ஒன்று உண்டு, திரையில் செய்த அலங்காரத்தையெல்லாம் ஒரு பெயரில் கட்டி வைக்கலாம். ஒன்றுக்குப் பொது என்று பெயர், அதில் பெரிய கடிகாரம் மட்டும். இன்னொன்று என்னுடையது, அதில் இரண்டும். அனுப்பு என்றால் அது எல்லாவற்றையும் பிசைந்து ஒரு நீளச் சரமாகத் தரும், எழுத்தும் எண்ணுமாக, பார்த்தால் கீ போர்டில் பூனை நடந்த மாதிரி இருக்கும், அதை அடுத்தவர் தன் ஆட்டத்தில் ஒட்டினால் நம் கடிகாரம் அவர் திரையில் ஏறி உட்காரும். பட்டியலில் பொதுவைச் சொடுக்கினேன், சரத்தை எடுத்தேன், கூட்டத்தின் வாட்ஸ்ஆப்பில் ஒட்டினேன். எல்லாரும் இதைப் போடவும், இனிமேல் நேரம் தெரியவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம் என்று கொஞ்சம் அதிகாரமாகவே எழுதினேன். ஒரு வேலை முடிந்த சந்தோஷம் இருக்கிறதே, அது தனி. அடுப்படிக்குப் போய் முதல் ஈட்டு வடையில் இரண்டைச் சூட்டோடு எடுத்தேன். அம்மா திரும்பிப் பார்க்காமலே, "ஏட்டி, அந்தப் பொட்டிக்குள்ளயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்றாள், நான் வாய் நிறைய வடையோடு, ஆமா என்றேன், ஓட்டை வடை நடுவில் மிளகு ஒன்று கடிபட்டது, கண்ணில் தண்ணீர், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள், காற்றில்லாமல் அது தலையை ஆட்டி ஆட்டிக் கீழே வந்தது.

திரும்பி வந்து ஹெட்செட்டை மாட்டினால் வஹீதாக்கா ஏற்கெனவே வந்து நிற்கிறாள், கடிகாரம் ரொம்ப அழகு, கண்ணாடி இல்லாமலே தெரியுது, மஃரிபு தொழுதுட்டு வந்துடுறேன் என்கிறாள், போகிற போக்கில் ஒரு கேள்வி. "கீழ சின்னதா நிரூபன்னு போட்டு ஒரு மணி ஓடுதுலா, அது எதுக்கு தங்கச்சி?" என்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் மைக்கை அணைத்துவிட்டாள். பட்டியலைப் பார்க்கிறேன். பொது என்ற பெயர் நீலமாக மின்னுகிறது, ஆனால் மேலே, மூலையில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், நடப்பில் இருப்பது என்னுடையது. சொடுக்கினால் போதாதாம், மாற்று என்ற பொத்தானையும் அழுத்த வேண்டுமாம், அழுத்தாவிட்டால் அது நடப்பில் இருப்பதைத்தான் மூட்டை கட்டும். இந்த எழுத்தை இவ்வளவு சின்னதாக வைத்தவனைக் கையில் கிடைத்தால் உளுந்தோடு சேர்த்து ஆட்டிவிடுவேன். வாட்ஸ்ஆப்புக்கு ஓடினேன், எல்லாருக்கும் நீக்கு என்று நீக்கினேன், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு கல்லறை வாசகம் வந்தது, அப்பாடா என்றேன். அதற்குக் கீழே வஹீதாக்கா. வடிவு செய்த கடிகாரம், கட்டாயம் போடவும். என் சரத்தை அப்படியே எடுத்து, திரும்ப அனுப்பி, மேலே பொருத்தியும் வைத்திருக்கிறாள். துபாயிலிருந்து ஒரு கட்டைவிரல். வேறு யாரிடமிருந்தோ ஒரு கைதட்டல். நான் நீக்க முடியாது, அது அவள் செய்தி. அவள் தொழுதுகொண்டிருக்கிறாள், தொழுகிறவளைக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டு என்னவென்று சொல்வது.

யோசி, வடிவு, யோசி. மழைக்காகச் செய்தேன் என்று சொல்லலாம், அங்கே மழையா என்று தெரிந்துகொள்ள, கடிகாரத்தில் மழை எங்கே தெரியும். சோதனைக்காக ஒரு பெயர் போட்டேன், கையில் வந்த பெயர் அது என்று சொல்லலாம். கையில் ஏன் அந்தப் பெயர் வந்தது. முன்னால் நிற்கிறவர் எப்போது வருவார் என்று பின்னால் நிற்கிறவளுக்குத் தெரிய வேண்டுமல்லவா, அது தொழில் முறை என்று சொல்லலாம், இது பரவாயில்லை, இது நிற்கும், ஆனால் தொழில் முறைக்கு எதற்குச் சாம்பலும் மஞ்சளும். எல்லா நிறமும் அந்தச் சரத்துக்குள் போயிருக்கிறது, திறந்து பார்க்கிறவனுக்கு நேரத்தோடு எல்லாம் எழுதியிருக்கும், எஞ்சினைப் பிரித்துப் பார்த்தே பழகிய கை, கடிகாரத்தைப் பிரிக்காமல் விடுமா. சின்னக் கடிகாரம் மணி ஒன்று என்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒன்று அடித்தால் அவன் வந்துவிடுவான், சாப்பிட்டுக் கை கழுவியதும் வருவான், இந்த ஆறு மாதத்தில் தவறியதில்லை. ஒன்று ஐந்து. ஆட வந்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் இருட்டாகவே இருக்கிறது. ஒன்று பத்து. பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு வராமல் இருக்கிறான். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து எப்படி இதை அந்தப் பிள்ளை மனம் நோகாமல் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறான், நல்லவன், கடைசியில் அக்கா என்று ஆரம்பிப்பான். ஆரம்பிக்கட்டும். இருந்தும், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இந்தப் பயத்துக்கு அடியில் ஏதோ ஒன்று குறுகுறுவென்று சிரிக்கிறது, பள்ளியில் வகுப்புக்கு நடுவில் எழுந்து நிற்கச் சொன்னால் வருமே அந்தச் சிரிப்பு. எத்தனை மாதம் ஒளித்து வைத்தேன், இப்போது ஈப்போவிலும் துபாயிலும் என் திருட்டுத்தனம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. பயமும் சந்தோஷமும் வயிற்றில் ஒரே இடத்தில்தான் இருக்குமோ, இல்லை அது வடையோ.

ஒன்று இருபது. பெயர் வெளிச்சமானது. குகை வாசலில் அவன் கேடயத்தோடு வந்து நின்றான், என் பக்கத்தில், எப்போதும் நிற்கிற இடத்தில். மைக் திறக்கிற கிளிக். நாற்காலி முனகுகிறது. வேறு யாரும் இன்னும் வரவில்லை, வஹீதாக்கா வரவில்லை, நான் பேசுவதற்குள் அவன் பேசிவிடக் கூடாது என்று நான் பேசினேன். "மன்னிச்சிருங்க, அந்தச் சின்ன மணி தெரியாம சேந்து வந்துட்டு, இப்பவே எடுத்துருதேன்" என்றேன், மூச்சே விடாமல், கோபக்காரி மாதிரி. திரையில் அவன் என் பக்கம் திரும்பினான், அது மவுஸை அசைத்ததால்கூட இருக்கும்.

"உந்த மணிக்கூட்டில ஒரு பிழை இருக்கு, வடிவு" என்றான். பிழை. சரி, ஆரம்பித்துவிட்டான், நான் கண்ணை மூடிக்கொண்டேன், அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அவன் நிதானமாக, எஞ்சினில் எங்கே ஒழுகுகிறது என்று காட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டு போனான், அங்கே குளிர்காலத்துக்கு மணியைத் திருப்பி வைப்பார்களாம், அக்டோபர் கடைசி ஞாயிறு, இன்றைக்கு விடியற்காலைதான் ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்களாம், ஆகவே அங்கே இப்போது பன்னிரண்டு இருபதுதான், என் கடிகாரம் ஒன்று இருபது காட்டுகிறது. அவன் தாமதமாக வரவில்லை. இன்னும் சாப்பிடவே இல்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, வாட்ஸ்ஆப்பில் வந்ததைப் போட்டுப் பார்த்து, பார்த்ததும் வந்திருக்கிறான். நேர வித்தியாசத்தைக் கையால் எழுதிய மடச்சி நான், உலகத்தில் ஒரு நாடு ராத்திரியோடு ராத்திரியாக மணியை மாற்றும் என்று எனக்கு யார் சொன்னார்கள், இங்கே மணி என்றால் மணி, வைத்த இடத்தில் இருக்கும். வெட்கம் காது வரை ஏறிக்கொண்டிருக்கும்போதே அவன் அடுத்ததைக் கேட்டான், ராவில் சாம்பல், காலமை ஏழுக்கு மஞ்சள், அது என்ன கணக்கு. பிரித்துப் பார்த்துவிட்டான். தொழில் முறை என்ற பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, சொல்லப் போனேன், போன வாய் வேறு சொன்னது. "நீங்க முழிக்கிற நேரம்."

சோறு கொதிக்கிற சத்தம் கேட்டது, மூடி தடதடவென்று ஆடியது, அவன் எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான், இவ்வளவும் எனக்குக் காதில் தெரிந்தது, இவ்வளவு நேரமும் என் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நான் ஆறரைக்கே எழும்பிடுவன்" என்றான். "அதையும் மாத்துங்கோ."

எடுத்துவிட வேண்டாமா என்று கேட்டேன், குரல் எனக்கே கேட்கவில்லை, அவனுக்குக் கேட்டிருக்கிறது.

"வேண்டாம். நெடுக இருக்கப் போற மணிக்கூடு. பிழையா ஓடக் கூடாதெல்லோ."

நெடுக என்றால் அவர்கள் பேச்சில் எப்போதும் என்று பொருள், தொடர்ந்து, விடாமல், அது எனக்குத் தெரியும், தெரியாதவள் மாதிரி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவுதானா. இதற்குத்தானா இத்தனை மாதம். எவனோ எழுதிய ஆட்-ஆனுக்குள் உட்கார்ந்து ஒருவன் என் தப்பைத் திருத்தச் சொல்கிறான், எனக்கு அழுகை வருகிறது, அழுகை என்று சொல்ல முடியாது, மூக்கு மட்டும் அடைக்கிறது, மழையில் நனைந்துவிட்டு வந்த மாதிரி ஒரு சிலிர்ப்பு. ஆமாம் என்பதற்கு ஓம் என்றேன். என் வாயிலிருந்து அவன் ஊர்ச் சொல், வந்துவிட்டது, அவன் சிரித்தான், நான் முதன்முதலாக ஒளிக்காமல் சிரித்தேன், அடுப்படியில் அம்மா கரண்டியை நிறுத்துகிற அளவுக்குச் சிரித்தேன். ஒரு மணியைக் கழித்தேன். ஏழை ஆறரையாக்கினேன். இப்போது என்ன காட்டுகிறது என்று கேட்டான், பன்னிரண்டு இருபத்தாறு என்றேன், தன் சுவரைப் பார்த்திருக்க வேண்டும், கொஞ்சம் பொறுத்து, சரி என்றான். இருபத்தேழு ஆனது, ஏழு நேராக நின்றது.

வஹீதாக்கா தொழுதுவிட்டு வந்துவிட்டாள், துபாய்க்காரன் வந்துவிட்டான், இன்னும் இரண்டு பேர் வந்து கொட்டாவி விடுகிறார்கள், ஆச்சரியம், யாரும் நேரம் தவறவில்லை. பேக்கரியில் மீந்த பன்னைக் கடித்துக்கொண்டு வஹீதாக்கா கேட்கிறாள், தங்கச்சி, அந்தக் கீழ் மணி தப்பா வந்துடுச்சா, எடுத்துட்டு வேற அனுப்புறியா என்று. எல்லார் மைக்கும் திறந்திருக்கிறது. அவன் மைக்கும். அவன் சொல்லமாட்டான், இது நான் சொல்ல வேண்டியது. தொழில் முறை என்று இப்போதும் சொல்லலாம், இன்னும் நேரம் இருக்கிறது, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

"எடுக்கலக்கா. ஒரு மணி நேரம் பிசகி ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதத் திருத்திருக்கேன். இப்ப அனுப்புதேன், எல்லாரும் பழச எடுத்துட்டு இதப் போட்டுக்கிடுங்க" என்கிறேன். அனுப்புகிறேன்.